கணையம்: தோற்றமும் மெய்யும்

திருவட்டாறு என்றதும் நம் நினைவில் எழுபவர் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாள். 1956 நவம்பர் 1 வரை இவ்வூர் திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இவ்வட்டாரத்தின் உணவு வரலாறும் நோய் வரலாறும் அந்நகரத்தோடு பிணைந்தவை. அவற்றில் கணையத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரைப் பரப்பினார். 1942இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது ஏழைகளைக் காத்தது அக்கிழங்கே. பிற்காலத்தில் மருத்துவர் பி. ஜே. ஜீவர்கீஸ் கேரளத்தில் ஒரு விந்தையான நோயை ஆராய்ந்தார். மதுப்பழக்கம் இல்லாத, மெலிந்த இளைஞர்கள். முதலில் வயிற்றுவலி, பிறகு கணையத்தில் கற்கள், முடிவில் நீரிழிவு. 1968இல் இதைப் பற்றி நூலே எழுதினார். மரச்சீனியில் உள்ள சயனைடு நஞ்சின் மீது ஐயம் எழுந்தது. ஆனால் மரச்சீனி உண்ணாதவர்களிடமும் இந்நோய் காணப்பட்டது. 2002இல் 'ஸ்பிங்க்1' என்னும் மரபணுவின் பிழைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை இந்திய ஆய்வாளர்கள் காட்டினர். ஏழையின் கிழங்கு தனிக்குற்றவாளி அன்று.

இதே உறுப்பில் நிகழ்ந்த மற்றொரு மயக்கம் இன்னும் கொடியது. 1961இல் பிரான்சில் சார்ல்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் ஒருவகைக் கணைய அழற்சியை விவரித்தனர். உடலின் காவற்படையே கணையத்தைத் தாக்கும் நோய் அது. 1995இல் யோஷிதா முதலிய ஜப்பானியர் 'தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி' என்ற கருத்தை முன்வைத்தனர். 2001இல் ஹமானோ குழுவினர் இந்நோயாளிகளின் இரத்தத்தில் 'ஐஜிஜி4' என்னும் எதிர்ப்புரதம் மிகுந்திருப்பதைக் கண்டனர்.

முதிய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் வகையில், வலியின்றி மஞ்சள் காமாலை வரும். படத்தில் கணையத்தின் தலைப்பகுதி கட்டிபோல் வீங்கித் தெரியும். புற்றுநோயும் அவ்வாறே தோன்றும். ஆகவே 'விப்பிள்' எனப்படும் பெரிய அறுவை செய்து, அகற்றிய உறுப்பைச் சோதித்த பிறகே புற்று இல்லை என அறிந்த நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. ஸ்டீராய்டு மருந்திலேயே வீக்கம் வடியும் நோய்க்கு அத்தனை துன்பம்!

அதற்காக எல்லாக் கட்டியையும் அழற்சி என்று எண்ணிவிடலாகாது. சில புற்றுநோயாளிகளிடமும் ஐஜிஜி4 உயர்ந்திருக்கும். ஜீவர்கீஸ் ஆராய்ந்த கல்நோயோ பிற்காலத்தில் உண்மையான புற்றுக்கே இடந்தரக்கூடியது. எனவேதான் 2011இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நெறிகள் படம், இரத்தம், பிற உறுப்புகளின் நிலை, திசு, மருந்துக்கு இணங்குதல் ஆகியவற்றைச் சேர்த்தே நோக்கச் சொல்கின்றன.

கிழங்கைப் பழித்ததும் வீக்கத்தைப் புற்றென்று கொண்டதும் ஒரே வகைப் பிழைகள்; கண்ணுக்கு முதலில் பட்டதே மெய்யென்று நாம் நம்பினோம். நம் வீட்டில் ஒருவருக்கு அத்தகைய செய்தி வருமானால், கத்திக்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: வேறு ஏதேனும் இப்படித் தோன்றக்கூடுமா?