சாலைக்கு அடியில் ஊற்றிய சிமென்ட் பால்

பெசன்ட் நகருக்குப் பக்கத்தில், அடையாறு முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலம் பலருக்கும் தெரியும். சாந்தோம் பக்கத்து மீனவர்கள் எலியட்ஸ் பீச் பக்கம் வந்துபோக 1967-ல் கட்டியது. 1977-ல் ஆற்று நீரின் வேகத்தில் ஒரு பகுதி விழுந்தது, பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை. பாலத்தைத் தண்ணீர் சாய்த்தால் ஊரே பார்க்கும். ஆனால் கான்கிரீட் சாலைக்கு அடியில் அதே தண்ணீர் செய்யும் வேலை வெளியே தெரிவதில்லை. கடைசியில் பலகை விரிசல் விடும்போதுதான் தெரியும்!

கான்கிரீட் சாலைக்கும் சென்னைக்கும் பழைய உறவு. இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று 1904-ல் இங்கே நடந்தது, அதுவும் கடல் சிப்பிகளைக் கொண்டு. நாட்டின் முதல் கான்கிரீட் சாலை போடப்பட்டதும் 1914-ல் சென்னையில்தான். ஆனாலும் நெடுஞ்சாலைகளில் அது பரவலானது 1990-களின் இறுதியில். 2002-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை - புனே விரைவுச்சாலை எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்.

இந்தச் சாலை ஒரே நீளப் பாய் அல்ல, பல பலகைகளின் வரிசை. இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இணைப்பு வழியாக மழைநீர் இறங்கும். லாரி ஏறும்போது பலகையின் ஓரம் அமுங்கி, அடியில் இருக்கும் நீரைப் பீய்ச்சி அடிக்கும். நீரோடு நுண்ணிய மண்ணும் வெளியேறும். இப்படி ஆயிரக்கணக்கான லாரிகள் போனால் அடியில் வெற்றிடம் விழும். பிடிமானம் இல்லாத மூலை ஒருநாள் ஒடியும். இரண்டாம் உலகப்போர் காலத்தில், கனரக வண்டிகள் பெருகிய அமெரிக்கச் சாலைகளில்தான் இந்த நோய் பெரிதாகக் கவனத்துக்கு வந்தது.

மருந்து அதற்கும் முந்தையது. 1802-லேயே பிரான்சின் தியெப் துறைமுகத்தில் சார்லஸ் பெரிங்யி என்ற பொறியாளர், அரிக்கப்பட்ட மதகின் அடியில் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த கூழை மரப் பம்பால் அழுத்திச் செலுத்தினார். 1930-களில் அமெரிக்காவில் அதையே சாலைக்குச் செய்தார்கள். பலகையில் துளை போட்டு, மண்ணும் சிமென்ட்டும் கரைத்த குழம்பை அடியில் ஏற்றி, அமுங்கிய பலகையைத் தூக்கினார்கள். 'சேற்று ஜாக்கி' என்று பேர் வைத்தார்கள், பொருத்தமான பேர்தான்.

தூக்குவது கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. அதிக அழுத்தம் கொடுத்தால் பலகை ஓரிடத்தில் மட்டும் உயர்ந்து, பக்கத்தில் புது வெற்றிடம் உண்டாகும், விரிசலும் விழும். எனவே பிற்காலத்தில் தூக்குவதையும் நிரப்புவதையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்தார்கள். நிரப்பும்போது பலகை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்தாலே பம்பை நிறுத்திவிட வேண்டும். மண்ணுக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பல் வந்தது. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு சாம்பல் என்பது வழக்கமான கலவை. சாம்பல் துகள்கள் உருண்டையானவை என்பதால் குழம்பு மெல்லிய இடுக்கிலும் ஓடும். ஓட்டத்தைச் சோதிக்க ஒரு கூம்பு உண்டு. அதிலிருந்து தண்ணீர் 8 நொடியில் வடியும், நல்ல குழம்பு வடிய 9 முதல் 16 நொடி ஆகும்.

எல்லாப் பலகைக்கும் துளை போடுவது வீண். அடியில் வெற்றிடம் இல்லாத பலகையில் குழம்பை ஏற்றினால் நல்ல பலகையும் கெடும். அதனால் முதலில் பாரம் ஏற்றிய லாரியை மூலையில் நிறுத்தி, பலகை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கிறார்கள். 1950-களில் அமெரிக்காவில் உருவான பெங்கல்மேன் கம்பி இதற்குப் பயன்படும் எளிய கருவி. நிரப்பிய பிறகு மறுபடி அதே மூலையில் அளவு எடுக்க வேண்டும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2008-ல் கான்கிரீட் சாலைப் பராமரிப்புக்கென்றே எஸ்பி 83 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. நிரப்பினால் மட்டும் போதாது. இணைப்புகளை அடைத்து, ஓரத்து வடிகாலையும் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் அதே வழியாக இறங்கி, இந்தமுறை புதுக் குழம்பின் ஓரத்து மண்ணை எடுத்துப் போகும்.