அறுவை சிகிச்சைக்குச் செல்லும் ஸ்லீப் ஆப்னியா நோயாளிகள்: மருத்துவமனையில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

பெங்களூரு: தூக்கத்தில் மூச்சு தடைபடும் 'ஸ்லீப் ஆப்னியா' பாதிப்பு உள்ளவர்கள் வேறொரு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்போது, ஆபத்து அறுவை அரங்கோடு முடிந்துவிடுவதில்லை. மயக்கம் தெளிந்து வார்டுக்குத் திரும்பிய பின் வரும் முதல் சில இரவுகளிலும் அது தொடர்கிறது. பாதிப்பு குறித்து மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பதும், வீட்டில் பயன்படுத்தும் 'சிபேப்' கருவியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதும் இந்த ஆபத்தைக் குறைக்க நோயாளியின் கையில் உள்ள முதன்மையான வழிகள் ஆகும்.

நரம்பியல் சிகிச்சைக்கு நிம்ஹான்ஸ், இதய சிகிச்சைக்கு ஜெயதேவா, புற்றுநோய்க்கு கித்வாய் எனப் பெங்களூரில் உள்ள பெரிய மருத்துவமனைகளுக்குக் கர்நாடகத்தின் பிற மாவட்டங்களில் இருந்தும், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி உள்ளிட்ட தமிழகப் பகுதிகளில் இருந்தும் நோயாளிகள் வருகின்றனர். வெளியூரில் இருந்து வருபவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தொடர்பில்லாத பொருள் எனக் கருதிக் கருவியை வீட்டிலேயே விட்டுவந்தால், தேவைப்படும் இரவில் அதை வரவழைப்பது எளிதன்று.

நோயின் தன்மை

உறக்கத்தின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப்பாதை மீண்டும் மீண்டும் அடைபடுவதே 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா' எனப்படுகிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடிகள் மூச்சு நிற்கும். அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையும். மூளை விழித்துக்கொண்டு மூச்சை மீட்கும். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முதல் 14 முறை நிகழ்ந்தால் லேசான பாதிப்பு, 15 முதல் 29 முறை என்றால் நடுத்தர பாதிப்பு, 30 அல்லது அதற்கு மேல் என்றால் தீவிர பாதிப்பு என மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர்.

இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இப்பாதிப்பு இருக்கலாம் என, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை தெரிவிக்கிறது. உழைக்கும் வயதில் உள்ள மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டால் இது 10 கோடிக்கும் மேற்பட்டோர் ஆகும். இவர்களில் பலர் குறட்டையைச் சாதாரணமாகக் கருதி, பரிசோதனை செய்துகொள்வதில்லை.

பிரபல இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15-ஆம் தேதி மும்பையில் காலமானபோதுதான் இந்நோயின் பெயர் நாடெங்கும் பரவலாகப் பேசப்பட்டது. ஒரு மாத சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பிய மறுநாளே அவரது உடல்நிலை மோசமடைந்ததாகவும், ஸ்லீப் ஆப்னியாவால் அவர் உயிரிழந்ததாகவும் மருத்துவமனை தரப்பில் தெரிவிக்கப்பட்டது. அவருக்குப் பல உடல்நலப் பிரச்சினைகள் இருந்தன. அது அறுவை சிகிச்சை தொடர்பான மரணம் அன்று. எனினும், குறட்டையோடு முடிந்துவிடும் நோயல்ல இது என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

அறுவை சிகிச்சையில் ஆபத்து கூடுவது ஏன்?

மயக்க மருந்துகளும் தூக்க மருந்துகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துகின்றன. மார்பின், ஃபென்டானில் போன்ற ஓபியாய்டு வலி நிவாரணிகள், மூச்சு விடுவதற்கான மூளையின் தூண்டுதலைக் குறைக்கின்றன. வழக்கமாக மூச்சு அடைபடும்போது நோயாளியைக் காப்பாற்றுவது, மூளை விழித்துக்கொள்ளும் அந்த இயல்புதான். மருந்துகளின் தாக்கத்தில் இருக்கும்போது அதுவே மந்தமாகிவிடுகிறது. மல்லாந்து படுத்தே இருக்க வேண்டிய நிலை ஏற்பட்டால் அடைப்பு மேலும் கூடும்.

அறுவை சிகிச்சை நடந்த இரவில் வலி, மருந்துகள் ஆகியவற்றால் ஆழ்ந்த உறக்கமும் கனவு நிலை உறக்கமும் குறைகின்றன. அடுத்தடுத்த இரவுகளில் உறக்கம் இயல்புக்குத் திரும்பும்போது மூச்சுத் தடையும் கூடுகிறது. மூன்றாம் இரவில் அது உச்சத்தை எட்டுவதாக டொராண்டோ ஆய்வாளர்கள் 2014-ல் பதிவு செய்துள்ளனர். நோயாளி நன்றாகத் தேறிவிட்டார் எனக் கண்காணிப்பு தளர்த்தப்படும் நேரமும் பெரும்பாலும் அதுவே.

2019-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 5 நாடுகளில் இதயம் அல்லாத பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,218 பேரை ஆராய்ந்தது. அவர்கள் அனைவரும் 45 வதைக் கடந்தவர்கள், இதய பாதிப்புக்கான ஆபத்துக் காரணி உள்ளவர்கள். ஆனால் ஸ்லீப் ஆப்னியா முன்னர் கண்டறியப்படாதவர்கள். பரிசோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கினருக்கு அப்பாதிப்பு இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய 30 நாட்களில் இதயம், ரத்தநாளம் சார்ந்த சிக்கல்கள், பாதிப்பு இல்லாதவர்களில் 14.2 சதவீதம் பேருக்கு ஏற்பட்டன. தீவிர பாதிப்பு உள்ளவர்களில் இது 30.1 சதவீதமாக இருந்தது.

எட்டுக் கேள்விகள்

நோய் கண்டறியப்படாதவர்களை இனம் காண, கனடாவில் உருவாக்கப்பட்டு 2008-ல் வெளியான 'ஸ்டாப்-பேங்' வினாப்பட்டியலை உலகெங்கும் மயக்கவியல் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அதன் கேள்விகள் வருமாறு:

* உரத்த குறட்டை உள்ளதா?
* பகலில் அடிக்கடி சோர்வோ தூக்கமோ வருகிறதா?
* உறக்கத்தில் மூச்சு நிற்பதை வேறு எவரேனும் பார்த்துள்ளனரா?
* உயர் ரத்த அழுத்தம் உள்ளதா?
* உடல் நிறை குறியீட்டெண் 35-க்கு மேல் உள்ளதா?
* வயது 50-ஐக் கடந்துவிட்டதா?
* கழுத்தின் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் உள்ளதா?
* ஆண் பாலினத்தவரா?

மூன்று அல்லது நான்கு கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் நடுத்தர ஆபத்து. ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் அதிக ஆபத்து. தன் குறட்டையையும் மூச்சு நிற்பதையும் நோயாளியால் அறிய இயலாது என்பதால், மயக்கவியல் பரிசோதனைக்குக் கணவன் அல்லது மனைவி உடன் செல்வது பயன் தரும்.

ஸ்லீப் ஆப்னியா இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், உறக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்யப்படும் 'பாலிசோம்னோகிராபி' பரிசோதனை நோயை உறுதிப்படுத்தும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மருத்துவமனைகளில் உறக்க ஆய்வகங்கள் உள்ளன. எனினும், இப்பரிசோதனைக்காகவே எல்லா அறுவை சிகிச்சைகளையும் தள்ளிவைக்கப் போதிய ஆதாரம் இல்லை என, மயக்கவியல் மற்றும் உறக்க மருத்துவத்துக்கான சர்வதேச சங்கத்தின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத இதய, நுரையீரல் கோளாறு போன்றவை இருந்தால் மட்டும் மேல் பரிசோதனைக்காகத் தள்ளிவைப்பது குறித்து ஆலோசிக்கலாம். மற்றவர்களுக்கு, ஸ்லீப் ஆப்னியா இருப்பதாகவே கருதி முன்னெச்சரிக்கையுடன் சிகிச்சை அளிக்கப்படும்.

மருத்துவமனைக்குச் செல்லும் முன்

சிபேப் கருவி, முகக்கவசம் வழியாகக் காற்றைத் தொடர் அழுத்தத்தில் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் அறிமுகப்படுத்திய இம்முறையே இன்றும் முதன்மைச் சிகிச்சையாக உள்ளது. ஏற்கெனவே இதைப் பயன்படுத்துபவர்கள் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாட்களில் ஓர் இரவும் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

கருவியுடன் முகக்கவசம், குழாய், மின்கம்பி ஆகியவற்றையும், காற்றழுத்த அளவு குறிப்பிடப்பட்ட மருந்துச்சீட்டு, உறக்கப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் பெயர் எழுதி ஒட்டுவது நல்லது. ஈரப்பதமூட்டும் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். சொந்தக் கருவியை அனுமதிப்பார்களா, அதை மருத்துவமனைப் பொறியாளர் சோதிக்க வேண்டுமா, இல்லையெனில் மருத்துவமனையே கருவி தருமா என்பதை முன்கூட்டியே கேட்டு அறிய வேண்டும். முகக்கவசம் முகத்துக்கு ஏற்ப மாறுபடும் என்பதால், கருவி அங்கே கிடைத்தாலும் சொந்த முகக்கவசத்தைக் கொண்டு செல்வதே சிறந்தது.

சில முகக்கவசங்களின் பட்டைகளில் காந்தம் உள்ளது. பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் பொருத்தப்பட்டவர்களும், அவர்களுக்கு அருகில் இருப்பவர்களும் இத்தகைய கவசங்களைத் தவிர்க்க வேண்டும். எம்ஆர்ஐ பரிசோதனை அறைக்குள் அவற்றைக் கொண்டு செல்லக் கூடாது.

அறுவை அரங்கில்

இப்பாதிப்பு உள்ளவர்களுக்குச் சுவாசக் குழாய் பொருத்துவது சில நேரங்களில் கடினமாக இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் மயக்கவியல் மருத்துவர் அதற்கேற்ற கருவிகளுடன் தயாராக இருப்பார். கை, கால் போன்ற பகுதிகளில் செய்யப்படும் சிகிச்சைகளுக்கு, இயன்றவரை முழு மயக்கத்தைத் தவிர்த்து, தண்டுவட ஊசி அல்லது நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையைப் பரிசீலிக்குமாறு அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை பரிந்துரைக்கிறது. முழு மயக்கம் அளிக்கப்பட்டால், நோயாளி முற்றிலும் விழித்த பிறகே சுவாசக் குழாயை அகற்ற வேண்டும் எனவும் அது கூறுகிறது.

வார்டில் முதல் இரவுகள்

சிபேப் கருவியை இரவில் மட்டுமின்றி, பகலில் கண் அயரும்போதும் அணிய வேண்டும். தலைப்பகுதியை உயர்த்தியோ பக்கவாட்டிலோ படுப்பது மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க உதவும். சிகிச்சையின் தன்மை அதற்கு இடம் தருமா என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. பாராசிட்டமால், வீக்கத்தைக் குறைக்கும் வலி நிவாரணிகள், நரம்பு மரப்பு ஊசி ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தி ஓபியாய்டு அளவைக் குறைக்க இயலும். தூக்க மாத்திரைகளை நோயாளி தாமாக உட்கொள்ளக் கூடாது. நரம்பு வலிக்கு அளிக்கப்படும் காபாபென்டின், பிரிகாபலின் மருந்துகளும் ஓபியாய்டுடன் சேரும்போது மூச்சைக் கடுமையாகக் குறைக்கலாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-ல் எச்சரித்தது. எனவே வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

விரலில் பொருத்தும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மூலம் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணிப்பது அவசியம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது அதற்கு ஈடாகாது. செவிலியர் எழுப்பிப் பார்க்கும்போது நோயாளியின் மூச்சு சீராகிவிடும். ஆக்சிஜன் குழாய் மட்டும் சிபேப் கருவிக்கு மாற்றாகாது. ஆக்சிஜன் கொடுக்கப்படும்போது திரையில் எண் நன்றாகத் தெரியும். ஆனால் மூச்சுத் தடை நீடிப்பதும், கரியமில வாயு தேங்குவதும் வெளியே தெரியாமல் போகலாம்.

உடனிருக்கும் உறவினர், உரத்த குறட்டை திடீரென நிற்பது, மூச்சில் நீண்ட இடைவெளி, உதடு நீலம் பாய்தல், எழுப்பியும் சரியாக விழிக்காத நிலை ஆகியவற்றைக் கண்டால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். 'நன்றாகத் தூங்குகிறார்' என விட்டுவிடக் கூடாது.

கருவியைப் பயன்படுத்த இயலாத நேரங்கள்

மூக்கின் வழியாகச் செய்யப்படும் பிட்யூட்டரி கட்டி அகற்றம் போன்ற சிகிச்சைகளுக்குப் பின், கருவியின் காற்றழுத்தம் மண்டையோட்டுக்குள் காற்றைச் செலுத்திவிடும் அபாயம் உள்ளது. மூக்கில் பஞ்சு அடைக்கப்பட்டிருக்கும்போதும், முக எலும்பு சிகிச்சைக்குப் பிறகும் இதே சிக்கல் எழலாம். இத்தகைய நோயாளிகள் எப்போது கருவியை மீண்டும் அணியலாம், அதுவரை எங்கு, எவ்வாறு கண்காணிக்கப்படுவர் என்பதை அறுவை மருத்துவரிடம் முன்பே கேட்டு அறிய வேண்டும்.

வீடு திரும்பும்போது

யாரும் எழுப்பாமல் உறங்கவிட்ட நிலையிலும், கூடுதல் ஆக்சிஜன் இன்றி வழக்கமான அளவு நிலைத்திருக்கிறதா எனப் பார்த்த பிறகே கண்காணிப்பை விலக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சங்கத்தின் நெறிமுறை. அன்றே வீடு திரும்பும் சிகிச்சை என்றால், பிற நோய்கள் கட்டுக்குள் இருப்பதும், வீட்டில் கருவியைப் பயன்படுத்த முடிவதும், ஓபியாய்டு அதிகம் தேவைப்படாததும் முக்கியமான நிபந்தனைகள் ஆகும்.

பெங்களூரில் இருந்து சொந்த ஊர் திரும்புவோர், முதல் சில இரவுகள் துணையுடன் இருப்பது நல்லது. கருவியை ஒவ்வோர் இரவும் அணிய வேண்டும். மது அருந்தக் கூடாது. மூச்சுத் திணறலோ அளவுக்கு மீறிய மயக்கமோ ஏற்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழைத்து அருகில் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவமனையில் முதன்முறையாக இப்பாதிப்பு இருக்கலாம் என ஐயம் எழுந்திருந்தால், காயம் ஆறியதும் உறக்கப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஐயம் வெளியேற்றச் சுருக்கக் குறிப்பில் எழுதப்பட்டுள்ளதா எனப் பார்த்து வாங்குவது, அடுத்த முறை சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு வழிகாட்டும்.