ஆட்டப் பின்னணி ஒளிப்பதிவு

ஆட்டப் பின்னணி ஒளிப்பதிவு என்பது, போட்டி நடைபெறும் நாட்களில் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் ஆடுகளத்துக்கு வெளியே இருக்கும் தருணங்களை ஒத்திகையின்றி இயல்பாகப் படம்பிடிப்பது ஆகும். உடைமாற்று அறை, வீரர்கள் அமர்விடம், பயிற்சி வலை, அணிப் பேருந்து ஆகியன இதன் வழமையான களங்கள். 1964 ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றிக் கோன் இச்சிகாவா இயக்கி 1965 இல் வெளிவந்த "டோக்கியோ ஒலிம்பியாட்" இதற்கு முன்னோடியான படங்களுள் ஒன்று. வெற்றிகளைக் காட்டிலும் வீரர்களின் பதற்றத்தையும் களைப்பையுமே அது கூர்ந்து நோக்கியது.

செயல்முறை

அணியுடன் பயணிக்கும் ஒளிப்பதிவாளர் சிறிய கைப் படக்கருவியையே பெரும்பாலும் பயன்படுத்துவார். வீரர்கள் படக்கருவியை மறந்திருக்கும்போதுதான் இயல்பான காட்சிகள் கிடைக்கும் என்பதால், பல நாட்கள் உடனிருந்து பழகுவதே இதில் முதன்மையான வேலை. துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்) சூதாட்டத் தடுப்பு விதிகளின்படி வீரர்கள், நடுவர்கள் பகுதிக்குள் நுழைவோர் கட்டுப்படுத்தப்படுகின்றனர். ஆட்ட நேரத்தில் அங்கு கைபேசிகளுக்கும் தடை உண்டு. எனவே அனுமதி பெற்ற வெகு சிலரால் மட்டுமே உள்ளே படம்பிடிக்க இயலும்.

சேப்பாக்கத்தில்

1999 சனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கம் எம். ஏ. சிதம்பரம் அரங்கில் நடைபெற்ற தேர்வுப் போட்டியில், முதுகு வலியுடன் ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களால் பாக்கித்தானிடம் தோற்றது. பாக்கித்தான் அணி அரங்கைச் சுற்றி வந்ததும், சென்னைப் பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டியதும் ஒளிபரப்பில் பதிவாயின. உடைமாற்று அறையில் டெண்டுல்கர் அழுததோ, அவர் ஆட்ட நாயகன் விருதைப் பெற வெளியே வராததோ பின்னர் சொல்லக் கேட்டே அறியப்பட்டது.

2023 அக்டோபர் 8 அன்று அதே அரங்கில் உலகக்கிண்ணப் போட்டியொன்றில் இந்தியா ஆசுத்திரேலியாவை வென்றது. ஆட்டம் முடிந்தபின் உடைமாற்று அறையில் களத்தடுப்புப் பயிற்றுநர் டி. திலீப் விராட் கோலிக்குச் சிறந்த களத்தடுப்பாளர் பதக்கம் வழங்கச் செய்ததை வாரியமே படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டது. தொடர் முழுவதும் இக்காட்சிகள் தொடர்ந்தன. ஆயினும் எதை வெளியிடுவது என்பதை வாரியமே முடிவு செய்வதால், இவற்றை முழுமையான ஆவணமாகக் கொள்ளவியலாது.

சர்ச்சைகள்

அத்தொடரின் இறுதியாட்டத்தில் (2023 நவம்பர் 19) இந்தியா தோற்றபின், பிரதமர் நரேந்திர மோதி உடைமாற்று அறையில் வீரர்களைச் சந்தித்த காட்சி வெளியிடப்பட்டது. அவ்வறைக்குள் வீரர்களும் அணிப் பணியாளரும் தவிர வேறெவரும் நுழையலாகாது என 1983 உலகக்கிண்ண அணியில் இடம்பெற்ற கீர்த்தி ஆசாத் கண்டித்தார்.

2024 மே மாதத்தில் ரோகித் சர்மா, தம் உரையாடலைப் பதிவு செய்ய வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட பின்னரும் அது ஒளிபரப்பப்பட்டதாகக் குற்றம் சாட்டினார். அவர் அவ்வாறு கேட்டுக்கொண்ட காட்சியை மட்டுமே காட்டியதாகவும், உரையாடலின் ஒலியை ஒளிபரப்பவில்லை எனவும் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் மறுத்தது.