சவுக்குக் கிளை சுற்றிய சக்கரம்

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியெங்கும் மணலைப் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்புகள் நிற்கின்றன. நவம்பர் கடைசியில் அவற்றின் சில கிளைகள் அடுப்புக்குப் போகாமல் கோயிலுக்குப் போகும். வளைத்த கம்பியில் அவற்றைச் சுற்றி, மூன்று ஊதாத் திரி, ஒரு ரோஸ் திரி நட்டால் திருவருகைக்கால வளையம் தயார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் பீடத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம் உண்டு. அந்த இடத்துக்கு அது வந்து சேர்ந்த வழி நீளமானது.

புறப்பட்ட ஊர் ஜெர்மனியின் ஹாம்பர்க். யோகான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர் 1833-ல் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். டிசம்பர் நெருங்கினால் பிள்ளைகள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்: கிறிஸ்துமஸ் எப்போது, இன்னும் எத்தனை நாள்? 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி நான்கு, வாரநாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகள் என்று அதன்மேல் வைத்தார். அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதியே ஞாயிறு. நாளுக்கு ஒன்றாக ஏற்ற ஏற்ற, கேட்ட கேள்விக்குப் பதிலைப் பிள்ளைகளே எண்ணிக்கொண்டார்கள்.

பச்சைக் கிளைகள் பிறகுதான் சக்கரத்தில் ஏறின. வீடுகளுக்குள் நுழைந்தபோது அது இளைத்தது. நாள் திரிகள் உதிர்ந்து ஞாயிற்றுத் திரிகள் மட்டும் தங்கின. கத்தோலிக்கர்கள் நிதானமாகத்தான் இதை ஏற்றார்கள். கொலோன் நகரக் கோயிலொன்றில் அது தொங்கியது 1925-ல். குருவானவரின் திருவுடைக்கு ஏற்பத் திரிகளும் ஊதா உடுத்தின. மகிழ்ச்சி ஞாயிறான மூன்றாம் வாரத்துக்கு மட்டும் ரோஸ்.

வளையத்தைவிடத் திருவருகைக்காலம் மூத்தது. கோவளத்துக் கார்மேல் மாதா கோயில் கட்டப்பட்ட 1808-ல்தான் விக்கெர்னே பிறந்தார். வளையம் எட்டிப் பார்க்காத நாட்களிலும் ஊதா உடை இருந்தது. திருப்பலியில் வானவர் கீதம் நின்றது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 2002-ல் இந்தக் கரையும் அடங்கிய செங்கல்பட்டு தனி மறைமாவட்டமானபோது அந்தப் பழைய நோன்பு மனமும் இந்தப் புது வளையமும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தன.

‘அத்வெந்துஸ்’ என்றால் லத்தீனில் வருகை. ரோமானியர்களுக்கு அது பேரரசர் ஒரு நகருக்குள் நுழையும் சடங்கு. அமைச்சர் வருகிறார் என்றால் நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலைப் பள்ளம் மூடப்படுகிறதல்லவா? எசாயாவும் திருமுழுக்கு யோவானும் கேட்டதும் அதைத்தான்: பள்ளத்தை நிரப்பு, கோணலை நேராக்கு. ஆனால் அவர்கள் சொன்ன சாலை உள்ளே ஓடுவது. ஒரே ராத்திரியில் முடியாதது. அதனால்தான் நான்கு வாரம். முதல் வாரங்களின் வாசகங்கள் உலக முடிவில் வரப்போகிறவரைப் பற்றிப் பேசும். டிசம்பர் 17-க்குப் பிறகுதான் பெத்லகேமின் பக்கம் முழுதாகத் திரும்பும்.

ஹாம்பர்க்கின் ஊசியிலைக் கிளை இங்கே சவுக்கானதும் பொருத்தமே. பார்வைக்கு ஊசியிலை, உண்மையில் அவை பச்சைக் குச்சிகள், இலை என்பது கணுவில் ஒட்டிய பொடிச் செதில். சவுக்கும் வெளியூர்க்காரர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காக, ரயில் எஞ்சின்களின் பசிக்கும் சேர்த்து, இந்தக் கரையில் பரவலாக நட்டார்கள். நட்டவர் வெட்டுவதற்குச் சில வருஷமாவது பொறுத்தாக வேண்டும். காத்திருப்பு அதற்குப் பழக்கம்.

இந்தக் கரைக்கும் அப்படியே. திருவருகைக்காலம் இங்கே பனிக்காலமல்ல, புயல் காலம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. அடுத்த ஞாயிறு, 11-ஆம் தேதி, ரோஸ் திரியின் முறை. மகிழ்ச்சி ஞாயிறு என்ற பெயர், கடலுக்குப் போகாமல் கரையில் படகை இழுத்துக் கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழுந்த வாரம் அது. கரண்ட் போன வீட்டிலும் திரி, கோயில் வளையத்திலும் திரி.

நான்காம் ஞாயிறு வளையத்தை அருகில் போய்ப் பாருங்கள். நான்கு திரியும் ஒரே உயரத்தில் இருக்காது. கடைசியாக ஏற்றியது நெடுநெடுவென்று நிற்கும். முதல் ஞாயிறு, வெளிச்சம் ஒன்றே ஒன்றாக இருந்தபோது ஏற்றியது, பாதிக்குமேல் கரைந்து சவுக்குக் கிளைக்குள் அமிழ்ந்திருக்கும். அதிக நாள் காத்திருந்தது அது.