செப்புத் தகட்டில் ஒரு மேய்ச்சல் நிலம்



பழைய படங்களைப் பார்த்து, "அந்தக் காலத்தில் எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை" என்று நாம் பெருமூச்சு விடுவதுண்டு. இத்தாலியில் இருந்து ஓர் உதாரணம் பார்ப்போம்.

லொரேன் பிரதேசத்தில் பிறந்து ரோமில் வாழ்ந்தவர் ஓவியர் குளோட் லொரேன். 1682 இல் ரோமிலேயே காலமானார். நகரைச் சூழ்ந்த கம்பாஞா சமவெளியை அவர் ஓவியங்களாகத் தீட்டியதோடு, எச்சிங் எனும் அச்சுக் கலையிலும் பதித்தார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மாத்திரம் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, ஈரக் கடதாசி வைத்து அழுத்தினால் படம் தயார். ஒரே தகட்டில் பல பிரதிகள் எடுக்கலாம். அதனால் ஓவியம் வாங்க வசதியில்லாதோர் வீட்டுக்கும் அந்தச் சமவெளி போய்ச் சேர்ந்தது.

1636 இல் அவர் செய்த மாட்டு இடையன் படத்தில் மாடுகள் நீரில் இறங்குகின்றன. இடையன் அமைதியாகக் குழல் ஊதுகிறான்.

ஆனால் அதே கம்பாஞா மலேரியாவுக்குப் பேர்போன இடம். கோடையில் அங்கே வேலை செய்த கூலிகளும் இடையர்களும் காய்ச்சலில் மடிந்தார்கள். கெட்ட காற்றே காரணம் என்று நம்பினார்கள். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லின் பொருளும் அதுவே. மனிதருக்கு நோயைக் கடத்துவது அனோபிலிஸ் நுளம்பு என்பதை ஜொவானி பத்திஸ்தா கிராசி குழுவினர் ரோமில் நிறுவியது 1898 இல்தான்.

படம் பொய்யல்ல. மரமும் மாடும் இருந்தன. காய்ச்சலில் கிடந்த இடையன்தான் அதில் இல்லை. பிள்ளைகளுக்குப் பழைய படமொன்றைக் காட்டும்போது, "இதில் யார் இல்லை?" என்றும் கேட்போமே.