விடுதலை ஏடு கிடந்த இடம்

ஒருவர் சொன்னார், மற்றொருவர் எழுதினார், பின்வந்தோர் நம்பினர். இப்படி வளர்வது பழங்கதை. நடந்த காலத்திலேயே, நடத்தியோரோ கண்டோரோ எழுதிவைத்த ஏடு மூலச்சான்று. கதை நம்மைத் தேடி வரும். சான்றை நாம்தான் தேடிச் செல்லவேண்டும்.

1804 சனவரி முதல் நாள். கரும்புத் தோட்டத்தில் சாட்டையடிபட்ட அடிமைகள், நெப்போலியன் அனுப்பிய படையை முறியடித்து, ஹெய்ட்டி என்னும் தனிநாட்டை அறிவித்தனர். அவ்வறிக்கை பிரெஞ்சு மொழியில் அச்சேறியது. ஆனால், அன்று அரசு அச்சிட்ட படி ஒன்றுகூட ஹெய்ட்டியில் தேடியும் கிடைக்கவில்லை. 2010-இல் ஜூலியா காஃபீல்ட் என்னும் ஆராய்ச்சி மாணவி அதைக் கண்டெடுத்தார். எங்கே? இலண்டனில், பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில்! புதிய நாடு அண்டையிலிருந்த ஜமைக்காவுடன் வணிகம் பேசிற்று. அங்கிருந்த பிரிட்டிஷ் ஆளுநர் வழியே அறிக்கை இலண்டன் சென்றது. ஜமைக்காக் கடிதங்களோடு உறங்கிற்று. ஏடு எங்கே பிறந்தது என்பதோடு, எவர் கைக்குச் சென்றது என்றும் கேட்டவருக்கே அது கிட்டியது.

ஏடு கிடைத்தால் போதுமா? போதாது. எழுதியவன் யார், யாருக்காக எழுதினான் என்று கேட்கவேண்டும். பதினான்காம் லூயி 1685-இல் பிறப்பித்த 'கறுப்புச் சட்டம்' அடிமைகளை அசையும் சொத்து என்றது. ஆண்டான் என்ன எண்ணினான் என்பதற்கு அது சான்று. அடிமையின் நெஞ்சம் அதில் இல்லை. 1789-இல் பிரான்சின் சிற்றூர்கள்தோறும் குறையேடுகள் எழுதப்பட்டன. உழவன் குரல் அவற்றில் உண்டு. ஆனால் பல ஊர்களில் எழுதுகோல் பிடித்தவர் வழக்கறிஞர். இரண்டையும் பிரித்தறிவதே பகுத்தறிவு.

அரசர்களின் ஏடுகள் ஒரு காலத்தில் அரண்மனைப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தன. புரட்சி அந்தப் பூட்டை உடைத்தது. ஆவணங்களைக் காட்டுமாறு கேட்கும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு என 1794-இல் பிரெஞ்சுச் சட்டம் கூறியது. குடியேற்ற நாடுகளை ஆண்ட ஏடுகள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் உள்ளன. பிரெஞ்சுத் தேசிய நூலகம் 1997-இல் தொடங்கிய 'காலிக்கா' என்னும் இணைய நூலகம், பழைய நூல்களையும் செய்தித்தாள்களையும் கட்டணமின்றி வீட்டிற்கே கொண்டுவருகிறது.

கதவு திறந்திருக்கிறது, தோழர்களே! உள்ளே புகவேண்டியது நம் கடமை. புகவேண்டுமாயின் பிரெஞ்சு மொழியைக் கற்போம். யார் எதைச் சொன்னாலும், "ஏடு எங்கே? எழுதியவன் யார்?" என்று கேட்போம். அடிமைகள் அறிவித்த விடுதலைக்குச் சான்று, ஆண்டவர்களின் கடிதக் கட்டிலேயே கிடைத்தது. இன்னும் எத்தனை உண்மைகள் எத்தனை கட்டுகளுக்குள் காத்துக்கிடக்கின்றனவோ!