லண்டன் கொல்லையில் நாலு கோழி

லண்டன் புறநகரில் இருக்கும் அக்கா மகள் போன வாரம் போன் பண்ணினாள். "மாமா, வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு. நாலு கோழி விடலாம்னு பாக்கறேன். வாடகைப் பத்திரத்துல கூடாதுன்னு போட்டிருக்கே?"

கோழியைப் பத்திக் கேட்டா உடனே சொல்லிடுவேன். சட்டத்துக்கு ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படிக்க வேண்டியதாப் போச்சு.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்குக் கப்பலில் வந்த தீவனம் குறைந்தது. முட்டை ரேஷனுக்குப் போனது. ஆளுக்கு வாரம் ஒன்று, அதுவும் நிச்சயமில்லை. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் ரேஷன் முட்டையை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குத் தீவன மாவு கிடைக்கும். உருளைக்கிழங்குத் தோல், மிச்சம் மீதியை வேகவைத்து அதோடு பிசைந்து போடுவார்கள். நம்ம வீட்டில் கழுநீரில் தவிடு பிசையற மாதிரிதான்.

போர் 1945இல் முடிந்தும் முட்டை ரேஷன் 1953 வரை இருந்தது. இடையில், 1950இல் வந்தது அலாட்மென்ட் சட்டம். அதன் 12ஆம் பிரிவு இன்றும் நடப்பில் இருக்கிறது: பத்திரத்தில் என்ன தடை எழுதியிருந்தாலும், வியாபாரத்துக்கு இல்லாமல் கோழியும் முயலும் வளர்க்கலாம், கூண்டும் கட்டிக்கலாம், சுகாதாரக் கேடோ அக்கம்பக்கத்துக்குத் தொல்லையோ இருக்கக் கூடாது. கோழி என்றால் பெட்டை மட்டும். சேவலுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

"சேவல் இல்லாம முட்டை போடுமா மாமா?" பட்டணத்துப் பிள்ளை! "போடும் கண்ணு, குஞ்சுதான் பொரிக்காது" என்றேன்.

வேடிக்கை என்னன்னா, அன்று பிசைந்து போட்ட அதே மிச்சத்தை இன்று போட்டால் குற்றம். 2001இல் கோமாரி நோய் பரவிய பிறகு தடை இறுகியது. சமையலறைக்குள் போய் வந்த கீரைத்தண்டுகூடக் கூடாது. கறி, பால், முட்டை எதுவும் நுழையாத சமையலறை என்றால் மட்டும் விலக்கு. தோட்டத்திலிருந்து நேரே பறித்துப் போடலாம்.

பறவைக் காய்ச்சலால் இன்னொன்றும் சேர்ந்தது. முன்பு 50 பறவையோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயப் பதிவு. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதியணும். ஒத்தைக் கோழிக்குப் பதிவா என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் மூணு வருஷம் முந்தி நடந்தது ஞாபகம் வந்தது. சந்தையில் வாங்கி வந்த ஒரு பெட்டையோடு வெள்ளைக்கழிச்சல் வந்து, எட்டே நாளில் பஞ்சாரம் காலி. பக்கத்துக் காட்டு ஆத்தா வீட்டிலும் ஒண்ணு மிஞ்சல. முதல் கோழி தலையைத் தொங்கப்போட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ராணிக்கெட் என்று நாம் சொல்லும் அந்த நோய்க்கு அவங்க ஊரில் நியூகாசில் என்று பெயர்.

மகளிடம் எல்லாம் சொன்னேன். 12ஆம் பிரிவை ஓனர் முகத்தில் நீட்டலாமா என்றாள். வேண்டாம்னேன். அந்தச் சட்டம் கோழிக்கு இடம் தருது. அடுத்த வருஷமும் உனக்கே வீட்டை விடணும்னு ஓனரைக் கட்டாயப்படுத்தாது. ஞாயித்துக்கிழமை நேரில் பேசிப் பார்க்கிறாளாம்.